ஜெர்மனியின் ‘பழமைவாத நாளிதழ்’ என்றால் என்ன? ஃபிராங்க்ஃபுர்ட்டர் ஆல்கெமைனேயை முன்வைத்து ஓர் எளிய விளக்கம்

உலகச் செய்திகளில் அவ்வப்போது ஒரு வாக்கியம் தலைகாட்டும்: ‘ஜெர்மனியின் பழமைவாத நாளிதழான ஃபிராங்க்ஃபுர்ட்டர் ஆல்கெமைனே சைட்டுங் இவ்வாறு கூறியுள்ளது.’ படிப்பவர் அந்த அடைமொழியைத் தம் போக்கில் நிரப்பிக்கொள்கிறார். ஒருவர் அதை அந்நாட்டின் பெரிய பழமைவாதக் கட்சியான கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியின் பத்திரிகை என்று எடுத்துக்கொள்கிறார். இன்னொருவர், ஜெர்மனி என்ற பெயரும் பழமைவாதம் என்ற சொல்லும் அடுத்தடுத்து வந்த மாத்திரத்தில், நாஜிக் காலத்தின் எச்சம் ஏதோ ஒன்று என்று நினைத்துவிடுகிறார். அரசு சொல்வதை அப்படியே திருப்பிச் சொல்லும் ஏடு என்று எண்ணுவோரும் உண்டு. மூன்றுமே பிழை. ஆனால் அந்தப் பிழைகள் வானத்திலிருந்து குதித்தவை அல்ல. ஒவ்வொன்றின் பின்னாலும் ஜெர்மானியப் பத்திரிகை வரலாற்றின் ஒரு துண்டு இருக்கிறது. அந்தத் துண்டுகளை வரிசையாக எடுத்துப் பார்த்தால், 1949இல் தொடங்கி இன்றும் வெளிவரும் இந்த நாளிதழ் எந்தப் பொருளில் பழமைவாத ஏடு என்பது தெளிவாகும்.

‘பழமைவாதம்’ என்ற சொல்லை முதலில் வரையறுத்துக்கொள்வோம். பழையது எல்லாம் நல்லது என்று நம்புவது அல்ல அது. இருக்கிற நிறுவனங்கள் நீண்ட அனுபவத்தில் உருவானவை, எனவே அவற்றை மாற்ற விரும்புகிறவரே தம் தரப்பை நிரூபிக்க வேண்டும், நிரூபிக்கும் வரை மாற்றம் மெதுவாக நடக்கட்டும் என்ற அரசியல் மனநிலைக்குத்தான் அந்தப் பெயர். எதைக் காப்பாற்ற வேண்டும் என்பது காலத்துக்குக் காலம் மாறும். ஒரு தலைமுறைக்கு அது மன்னராட்சி. இன்னொரு தலைமுறைக்கு அரசியல் சட்டமும் நாணயத்தின் மதிப்பும்.

மூன்று பள்ளிக்கூடங்கள்

ஒரே ஊரில் மூன்று பள்ளிக்கூடங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலாவதை ஒரு சமூகச் சங்கம் நடத்துகிறது. இரண்டாவது ஒரு தனி முதலாளிக்குச் சொந்தம். மூன்றாவது ஓர் அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கிறது. மூன்றிலும் சீருடை உண்டு, காலை வழிபாடு உண்டு, தாமதமாக வந்தால் வாசலில் நிற்க வேண்டியதுதான். வெளியிலிருந்து பார்ப்பவர் ‘மூன்றும் கண்டிப்பான பள்ளிக்கூடங்கள்’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுவார். தலைமையாசிரியரை வீட்டுக்கு அனுப்பும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று கேட்டால்தான் வேறுபாடு வெளியே வரும். முதல் பள்ளியில் அது சங்கத்தின் செயற்குழுவிடம், இரண்டாவதில் முதலாளியிடம், மூன்றாவதில் அறங்காவலர்களிடமும் அவர்கள் ஏற்படுத்திய விதிகளிடமும் இருக்கிறது.

பத்திரிகைக்கும் இதே கேள்வி பொருந்தும். ஓர் ஏட்டின் தலையங்கங்கள் வலப்பக்கம் சாய்கின்றனவா இடப்பக்கம் சாய்கின்றனவா என்று பார்ப்பது எளிது. ஆசிரியரை நீக்கும் உரிமை எவர் கையில் என்று பார்ப்பது சற்றுக் கடினம். என் கணிப்பில் ஓர் ஏட்டின் குணத்தைத் தீர்மானிப்பது இரண்டாவதுதான். ஜெர்மனியில் பழமைவாதப் பத்திரிகைகள் இந்த மூன்று வடிவங்களிலும் இருந்திருக்கின்றன. அவற்றை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வதே மேலே சொன்ன பிழைகளுக்கு வேர்.

தலைப்பில் சிலுவை

முதல் வடிவத்துக்கு எடுத்துக்காட்டு பெர்லினில் 1848ஆம் ஆண்டின் புரட்சிக் கொந்தளிப்பில் பிறந்த நோயே புரோய்சிஷே சைட்டுங், அதாவது ‘புதிய பிரஷ்யப் பத்திரிகை’. அதன் முகப்புத் தலைப்பின் நடுவில் இரும்புச் சிலுவைச் சின்னம் இருந்ததால் மக்கள் அதைக் ‘குரோய்ட்ஸ் சைட்டுங்’, சிலுவைப் பத்திரிகை என்றே அழைத்தார்கள். கடவுளோடு, மன்னருக்காகவும் தாய்நாட்டுக்காகவும் முன்னேறுவோம் என்பது அதன் முழக்கம். ஹெர்மன் வாகெனர் முதல் ஆசிரியர். பிரஷ்யாவின் பெருநிலக்கிழார்களும் அரண்மனையைச் சார்ந்தவர்களும் புராட்டஸ்டன்ட் திருச்சபையின் பழமைப் பிடிப்புள்ளவர்களும் அதன் பின்னால் நின்றார்கள். பின்னாளில் ஜெர்மனியை ஒன்றிணைத்த பிஸ்மார்க், இளம் அரசியல்வாதியாக இருந்தபோது அதில் எழுதியவர்.

இது ஒரு கட்சி ஏடு, அதாவது ஓர் அரசியல் அணி தன் நிலைப்பாட்டைச் சொல்வதற்காகவே நடத்தும் பத்திரிகை. அணி நகர்ந்தால் ஏடும் நகரும். தலைவர் நகர்ந்து அணி நகராவிட்டால் சண்டை வரும். 1870களில் அதுதான் நடந்தது. பிஸ்மார்க் தாராளவாதிகளோடு சேர்ந்து ஆட்சி நடத்தியதைப் பழைய பிரஷ்யப் பழமைவாதிகளால் ஏற்க முடியவில்லை. சிலுவைப் பத்திரிகை 1875இல் அவருடைய பொருளாதாரக் கொள்கையையும் அவருக்கு நெருக்கமான வங்கியாளரையும் தாக்கி, யூத வெறுப்பும் கலந்த ஒரு கட்டுரைத் தொடரை வெளியிட்டது. பிஸ்மார்க் 1876இல் நாடாளுமன்றத்திலேயே எழுந்து, அந்தப் பத்திரிகைக்குச் சந்தா கட்டுவது அதன் பொய்க்குத் துணைபோவது என்ற பொருளில் பேசினார். நிலக்கிழார்களும் பாதிரியார்களும் கையெழுத்திட்டுப் பத்திரிகைக்கு ஆதரவு அறிக்கை விட்டார்கள். பழமைவாத ஏடு என்றால் ஆட்சியாளரின் ஏடு என்ற எண்ணம் அப்போதே பொய்த்துவிட்டது.

சற்று விலகி ஒரு செய்தி. நாவலாசிரியர் தியோடோர் ஃபொண்டானே 1860 முதல் 1870 வரை இதே பத்திரிகையில் இங்கிலாந்துச் செய்திகளுக்குப் பொறுப்பாக இருந்தார். பெர்லினில் தன் மேசையில் அமர்ந்து, பிற ஏடுகளைப் படித்து, லண்டனிலிருந்து நேரில் எழுதியது போன்ற கடிதங்களை அவர் தயாரித்தது இன்று ஆய்வாளர்களுக்கு நன்கு தெரிந்த விஷயம். வாசகருக்கு அப்போது தெரியாது.

இரண்டாம் வடிவம் முதலாளியின் பத்திரிகை. அதன் கொடிய முகம் முதல் உலகப் போருக்குப் பின் தெரிந்தது. தொழிலதிபர் ஆல்ஃபிரட் ஹுகென்பெர்க் பெர்லினின் பெரிய பதிப்பகங்களில் ஒன்றான ஷெர்ல் நிறுவனத்தை 1916இல் கைப்பற்றினார். செய்தி நிறுவனம், விளம்பர நிறுவனம், திரைப்பட நிறுவனம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். 1928இல் ஜெர்மன் தேசிய மக்கள் கட்சியின் தலைவரும் ஆனார். போருக்குப் பின் பிறந்த ஜெர்மானியக் குடியரசை ஓயாமல் இழிவுபடுத்திய அவருடைய ஏடுகள், பழமைவாத வாசகருக்கு நாஜிகளைத் தீண்டத்தக்கவர்களாக்கின. 1933 ஜனவரியில் ஹிட்லர் அமைத்த முதல் அமைச்சரவையில் ஹுகென்பெர்க் அமைச்சராக இருந்தார்; சில மாதங்களில் வெளியேற்றப்பட்டார். சிலுவைப் பத்திரிகையும் 1939 ஜனவரியோடு நின்றுபோனது. ‘ஜெர்மானியப் பழமைவாதப் பத்திரிகை’ என்ற சொற்றொடரில் இன்றும் ஒரு கறை ஒட்டிக்கொண்டிருப்பதற்குக் காரணம் இந்தக் காலம்தான்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துப் பார்த்தால்: 1945க்கு முந்தைய பழமைவாத ஏடு ஒன்று ஓர் அணியின் குரலாக இருந்தது, அல்லது ஒரு முதலாளியின் கருவியாக இருந்தது. அணி பிடிவாதத்தில் ஒதுங்கியது. முதலாளி நாட்டை எரித்தவர்களுக்கு நெருப்புப் பெட்டி எடுத்துக் கொடுத்தார்.

1949 நவம்பர் 1

போரில் வென்ற நேச நாடுகள் 1945இல் ஜெர்மானியப் பத்திரிகைகள் அனைத்தையும் மூடின. அதன்பின் எவரும் பத்திரிகை தொடங்க உரிமம் பெற வேண்டியிருந்தது. உரிமம் என்பது, ஆக்கிரமிப்புப் படையின் அதிகாரிகள் ஒருவருடைய நாஜிக் காலத் தொடர்புகளை ஆராய்ந்தபின் கொடுத்த அனுமதி. பழைய பதிப்பாளர்கள் பெரும்பாலும் ஒதுக்கப்பட்டார்கள். பிராங்க்ஃபர்ட் நகரம் அமெரிக்கப் பகுதியில் இருந்தது. அங்கே 1945 ஆகஸ்டில் உரிமம் பெற்று வந்த ஃபிராங்க்ஃபுர்ட்டர் ருண்ட்ஷாவ் இடதுசாரிச் சாய்வுள்ள ஏடு. பிரித்தானியர் தம் பகுதியில் 1946 ஏப்ரலில் ஹாம்பர்க்கிலிருந்து டி வெல்ட் என்ற நாளிதழைத் தாங்களே தொடங்கினார்கள்.

1949 செப்டம்பர் 21 அன்று உரிமக் கட்டாயம் நீங்கியது. ஆறு வாரத்துக்குள், நவம்பர் 1 அன்று, ஃபிராங்க்ஃபுர்ட்டர் ஆல்கெமைனே சைட்டுங்கின் முதல் இதழ் வெளிவந்தது. பெயரின் பொருள் ‘பிராங்க்ஃபர்ட் பொதுப் பத்திரிகை’. பெயருக்குக் கீழே ‘ஜெர்மனிக்கான பத்திரிகை’ என்று ஒரு வரி. நாடு இரண்டாகப் பிரிந்து சில வாரங்களே ஆன நேரத்தில் ‘மேற்கு’ என்ற சொல் இல்லாமல் ‘ஜெர்மனி’ என்று எழுதியது தற்செயல் அல்ல. ஜெர்மானியர் இதன் பெயரை மூன்று முதலெழுத்துகளால் சுருக்கிச் சொல்வார்கள். நாம் இங்கே ஆல்கெமைனே என்றே சொல்லிக்கொள்வோம்.

இது பழைய ஃபிராங்க்ஃபுர்ட்டர் சைட்டுங்கின் தொடர்ச்சி என்று பலர் எழுதுகிறார்கள். அது பாதி உண்மைதான். லியோபோல்ட் சோனெமன் 1856இல் ஒரு வணிகத் தாளாகத் தொடங்கி வளர்த்த அந்தப் பழைய ஏடு ஜெர்மானியத் தாராளவாத ஜனநாயகத்தின் பெருமை. ஜோசஃப் ராத், சீக்ஃப்ரீட் கிராக்கவர் போன்ற புகழ்பெற்ற எழுத்தாளர்கள் எழுதிய ஏடு. நாஜி ஆட்சி வெளிநாட்டாருக்குக் காட்டுவதற்காக அதைச் சில ஆண்டுகள் விட்டுவைத்தது. பிறகு ஹிட்லரின் உத்தரவால் 1943 ஆகஸ்ட் 31 அன்று அதன் கடைசி இதழ் வந்தது. அதில் பணியாற்றிய சிலர், குறிப்பாக எரிக் வெல்டரும் பால் சேத்தேயும், ஆல்கெமைனேயின் நிறுவனர்களில் இருந்தார்கள். தொனியும் தரமும் அங்கிருந்து வந்தன. ஆனால் சட்டப்படி புதிய பத்திரிகை பழையதன் வாரிசு அல்ல. அரசியலிலும் பழையது இடப்பக்கம் சாய்ந்த தாராளவாதம், புதியது வலப்பக்கம் சாய்ந்த தாராளவாதம்.

சந்தைப் பொருளாதாரத்தை ஆதரித்த தொழில், வணிகத் துறையினர் கூடி 1947இல் அமைத்த ஒரு சங்கம் தொடக்க முதலுக்கு உதவியது. வெல்டர் பொருளாதாரப் பேராசிரியர். அமைச்சர் லுட்விக் எர்ஹார்ட் முன்வைத்த ‘சமூகச் சந்தைப் பொருளாதாரத்தை’, அதாவது போட்டியைச் சந்தையிடம் விட்டு, விதிகளையும் எளியோருக்கான பாதுகாப்பையும் அரசிடம் ஒப்படைக்கும் ஏற்பாட்டை, பத்திரிகை முதல் நாளிலிருந்தே தன் கொள்கையாக்கிக்கொண்டது. ஆகவே இதன் பழமைவாதத்தில் மன்னர் இல்லை, சிலுவை இல்லை. மேற்குலகக் கூட்டணி, அரசியல் சட்டம், சொத்துரிமை, நிலையான நாணயம் ஆகியவையே அது காக்க நினைத்தவை.

நாஜிக் காலத்தோடு தொடர்பே இல்லையா என்றால், அப்படியும் சொல்ல முடியாது. நிறுவனர்களில் ஒருவரான கார்ல் கோர்ன், நாஜிப் பிரச்சார அமைச்சர் கோயபெல்ஸின் வார ஏட்டில் 1940இல் பணியாற்றி, யூத வெறுப்பைப் பரப்ப எடுக்கப்பட்ட ஒரு திரைப்படத்தைப் பாராட்டி எழுதியவர். அதே ஆண்டில் ஓர் ஓவியத்தைப் பற்றிய விமர்சனம் மேலிடத்துக்குப் பிடிக்காமல் அங்கிருந்து நீக்கப்பட்டவரும் அவரே. போருக்குப் பிந்தைய ஜெர்மனியில் நீதிமன்றங்களும் பல்கலைக்கழகங்களும் மருத்துவமனைகளும் இப்படிப்பட்டவர்களால் நிறைந்திருந்தன. பத்திரிகைகள் விதிவிலக்காக இருக்க வாய்ப்பில்லை. இடதுசாரி, வலதுசாரி என்ற பேதமும் இதில் அவ்வளவாக இல்லை. ஆல்கெமைனே நாஜிப் பத்திரிகை அல்ல. அதை நடத்தியவர்கள் எல்லோரும் கறைபடாத கைகளோடு வந்தவர்களும் அல்ல.

தலைமை ஆசிரியர் இல்லாத பத்திரிகை

இனி மூன்றாவது பள்ளிக்கூடத்துக்கு வருவோம். ஆல்கெமைனேயின் மிக விசித்திரமான அம்சம், அதற்குத் தலைமை ஆசிரியர் கிடையாது என்பது. ஹான்ஸ் பௌம்கார்டன், எரிக் டோம்ப்ரோவ்ஸ்கி, கார்ல் கோர்ன், பால் சேத்தே, எரிக் வெல்டர் ஆகிய ஐவர் சமமான ‘வெளியீட்டாசிரியர்களாக’ அமர்ந்தார்கள். ஜெர்மனியின் பிற ஏடுகளில் இந்தப் பதவி பெரும்பாலும் கௌரவப் பதவி; ஓய்வுபெற்ற அரசியல்வாதிகளுக்குக்கூடக் கொடுப்பார்கள். இங்கே அது உண்மையான அதிகாரம். அரசியல், பொருளாதாரம், பண்பாடு என்று ஒவ்வொருவர் கையிலும் ஒரு பகுதி. பத்திரிகையின் பொதுப்போக்கை எல்லோரும் சேர்ந்து முடிவுசெய்ய வேண்டும். ஓர் இடம் காலியானால் மீதமுள்ளவர்களே புதியவரைத் தேர்ந்தெடுப்பார்கள். எண்ணிக்கை பின்னாளில் மாறியது, ஏற்பாடு மாறவில்லை.

பெரியவர் ஒருவர் இல்லாமல் அண்ணன் தம்பி ஐவர் நடத்தும் கூட்டுக் குடும்பத்தை நினைத்துக்கொண்டால் இது விளங்கும். ஒருவர் தலைகீழாக நின்றாலும் வீட்டின் திசையை ஒரே இரவில் திருப்ப முடியாது. அதே காரணத்தால், திருப்ப வேண்டிய நேரத்திலும் வீடு சீக்கிரம் திரும்பாது. என் பார்வையில் ஆல்கெமைனேயின் பழமைவாதத்தில் ஒரு பாதி கொள்கையிலிருந்து வந்தது, மறுபாதி இந்த நாற்காலி ஏற்பாட்டிலிருந்து வந்தது.

உரிமையாளர் யார் என்ற கேள்விக்கு 1959இல் விடை கிடைத்தது. அந்த ஆண்டு ஃபாசிட் என்ற அறக்கட்டளை நிறுவப்பட்டு, பத்திரிகையின் பங்குகள் படிப்படியாக அதன் கைக்கு வந்தன. இன்று 90 சதவீதத்துக்கும் மேற்பட்ட பங்கு அதனிடம் இருக்கிறது. அறக்கட்டளை என்று இங்கே சொல்வது, இலாபத்தைத் தனி மனிதர் எடுத்துச் செல்ல முடியாதபடி, பொது நோக்கத்துக்காகச் சொத்தை வைத்திருக்கும் அமைப்பை. ஈட்டுவது பத்திரிகையின் தற்சார்புக்கும் கல்வி, ஆய்வு உதவிகளுக்கும் போகிறது. பங்குச் சந்தையில் எவரும் வாங்க முடியாது. வாரிசுச் சண்டையில் உடையவும் முடியாது.

டி வெல்ட்டோடு ஒப்பிட்டால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். பிரித்தானியரிடமிருந்து அதை ஆக்ஸல் ஸ்பிரிங்கர் 1953இல் வாங்கினார். 1958இல் அவர் தம் தலைமை ஆசிரியர் ஹான்ஸ் சேரரோடு மாஸ்கோவுக்குப் போய் சோவியத் தலைவர் குருஷேவைச் சந்தித்தார். ஜெர்மனியை மீண்டும் இணைக்கத் தம்மிடம் இருந்த திட்டத்துக்குச் செவிசாய்ப்பார் என்று நம்பினார். வெறுங்கையோடு திரும்பியபின் ஸ்பிரிங்கர் கடுமையான கம்யூனிச எதிர்ப்பாளராக மாறினார், அவருடைய ஏடுகளும் மாறின. 1967இல் ஜெர்மானிய ஒருமைப்பாடு, யூதரோடு நல்லிணக்கம், சர்வாதிகார எதிர்ப்பு, சமூகச் சந்தைப் பொருளாதாரம் என்ற அடிப்படைக் கோட்பாடுகளைத் தம் நிறுவனத்துக்கு வகுத்துக் கொடுத்தார். கோட்பாடுகள் நல்லவையா இல்லையா என்பது வேறு விவாதம். ஒரு மனிதரின் பயணம் ஒரு பத்திரிகையின் போக்கைத் திருப்பியது என்பதே இங்கே கவனிக்க வேண்டியது.

சுருங்கச் சொன்னால், டி வெல்ட்டும் ஆல்கெமைனேயும் செய்தி முகமைகளின் வழக்கில் ஒரே அடைமொழியைப் பெறுகின்றன. ஒன்று முதலாளியின் பள்ளிக்கூடம், மற்றது அறங்காவலர்களின் பள்ளிக்கூடம்.

வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள்

அறக்கட்டளையும் ஐவர் குழுவும் இருந்துவிட்டால் முழுச் சுதந்திரம் என்று நினைத்தால் அதுவும் பிழை. வெளியிலிருந்து எவரும் ஆசிரியரை நீக்க முடியாது. உள்ளே இருக்கும் சகாக்கள் நீக்கலாம். அவர்கள் நீக்கியும் இருக்கிறார்கள்.

பால் சேத்தே அரசியல் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர், பழமைவாதி, தேசப்பற்றாளர். 1952 மார்ச்சில் ஸ்டாலின் மேற்கு நாடுகளுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார்: எந்த இராணுவக் கூட்டணியிலும் சேராமல் நடுநிலை வகிப்பதானால், ஒன்றிணைந்த ஜெர்மனியைப் பற்றிப் பேசலாம் என்று. மேற்கு ஜெர்மனியின் ஆட்சித் தலைவரான சான்சலர் அடினாவர் அதைப் பொறி என்று ஒதுக்கி, மேற்குக் கூட்டணியில் உறுதியாக நின்றார். சேத்தேவுக்கோ நாட்டின் ஒற்றுமையே முதன்மை. அந்த வாய்ப்பைச் சோதித்துக்கூடப் பார்க்காமல் விட்டது தவறு என்று அவர் தொடர்ந்து எழுதினார். இருவருமே பழமைவாதிகள். ஒருவர் காக்க நினைத்தது மேற்கோடு கொண்ட பிணைப்பை, மற்றவர் காக்க நினைத்தது பிளவுபடாத நாட்டை. பத்திரிகையின் பின்னால் இருந்த பொருளாதார வட்டாரங்கள் அடினாவர் பக்கம் நின்றன. 1955இல் சேத்தே வெளியேற வேண்டியதாயிற்று.

அவர் டி வெல்ட்டுக்குப் போனார். மாஸ்கோ பயணத்துக்குப் பின் ஸ்பிரிங்கர் மாறியபோது அங்கிருந்தும் பின்னர் விலகினார். 1965இல் டெர் ஷ்பீகல் வார ஏட்டுக்கு எழுதிய ஒரு கடிதத்தில், பத்திரிகைச் சுதந்திரம் என்பது 200 பணக்காரர்கள் தம் கருத்தைப் பரப்பிக்கொள்ளும் சுதந்திரம் என்று எழுதினார். இந்த வரியை இன்று பெரும்பாலும் இடதுசாரிகள்தாம் மேற்கோள் காட்டுகிறார்கள். எழுதியவர் இரண்டு பழமைவாத ஏடுகளிலிருந்து வெளியே வந்த ஒரு பழமைவாதி என்பது பலருக்குத் தெரிவதில்லை.

இரண்டாமவர் யூர்கன் டெர்ன். 1969இல் ஆட்சிக்கு வந்த சமூக ஜனநாயகவாதி வில்லி பிராண்ட், கிழக்கு ஜெர்மனியோடும் போலந்தோடும் சோவியத் ஒன்றியத்தோடும் உறவைச் சீராக்கும் ‘கிழக்குக் கொள்கையை’ முன்னெடுத்தார். டெர்ன் அதைத் திறந்த மனத்தோடு அணுகினார். சக வெளியீட்டாசிரியர்களுக்கு அது பொறுக்கவில்லை. 1970இல் அவர் நீக்கப்பட்டபோது ஆசிரியர் குழுவுக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. முடிவு மாறவில்லை. 2001இல் ஹுகோ முல்லர்-ஃபோக், 2019இல் ஹோல்கர் ஷ்டெல்ட்ஸ்னர் என்று பின்னாளிலும் வெளியீட்டாசிரியர்கள் திடீரென்று விலக நேர்ந்திருக்கிறது. கூட்டுக் குடும்பத்தில் சண்டை வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார்கள். யார் பெட்டியோடு வெளியே வருகிறார் என்பது மட்டுமே தெருவுக்குத் தெரியும்.

ஒரே கூரையின் கீழ் வெவ்வேறு குரல்கள்

அடைமொழியை வைத்து முழுப் பத்திரிகையையும் அளப்பவர்கள் தவறவிடுவது இந்த இடத்தில்தான். ஆல்கெமைனேயில் அரசியல், பொருளாதாரம், ஃபொய்லெட்டோன் என்று மூன்று பெரும் பகுதிகள். ஃபொய்லெட்டோன் என்றால் பண்பாட்டுப் பகுதி: நூல் விமர்சனம், இசை, நாடகம், தத்துவம், அறிவுலக விவாதங்கள். தனித்தனி வெளியீட்டாசிரியரின் கீழ் இயங்குவதால் இவை ஒன்றுக்கொன்று கட்டுப்பட்டவை அல்ல. அரசியல் பகுதி பழமைவாதம் பேசும், பொருளாதாரப் பகுதி சந்தையைப் பேசும், பண்பாட்டுப் பகுதி இரண்டையும் கேள்வி கேட்கும்.

ஹிட்லரின் வாழ்க்கை வரலாற்றை எழுதிப் புகழ்பெற்ற யோவாகிம் ஃபெஸ்ட் 1973 முதல் 1993 வரை பண்பாட்டுப் பகுதியின் தலைவர். அவர் இலக்கியப் பக்கங்களைக் கொடுத்தது மார்செல் ரைஷ்-ரனிட்ஸ்கியிடம். வார்சா யூதச் சேரியிலிருந்து உயிர்தப்பிய அவர், ஜெர்மானிய இலக்கிய விமர்சனத்தில் எல்லோரும் அஞ்சிய குரலானார். 1974இல் அவர் தொடங்கிய, வாரம் ஒரு கவிதையை எடுத்து அதற்கு விளக்கம் எழுதும் பகுதி அவருக்குப் பின்னும் தொடர்ந்தது.

அதே ஃபெஸ்டின் பக்கங்களில் 1986 ஜூன் 6 அன்று வரலாற்றாசிரியர் எர்ன்ஸ்ட் நோல்டே ஒரு கட்டுரை எழுதினார். சோவியத் முகாம்களின் கொடுமை முந்தையது, நாஜிகளின் இனப்படுகொலையை அதற்கு எதிர்வினையாகவும் புரிந்துகொள்ள இடமுண்டா என்று கேட்கும் தொனியில் அது அமைந்திருந்தது. அடுத்த மாதம் தத்துவவாதி யூர்கன் ஹாபர்மாஸ் டி சைட் வார ஏட்டில் இதைக் கடுமையாக மறுத்தார். குற்றத்தின் பாரத்தைக் குறைத்துக் காட்டும் முயற்சி என்றார். ‘வரலாற்றாசிரியர் சர்ச்சை’ என்று பெயர் பெற்ற இந்த விவாதம் நாடு முழுவதையும் பற்றிக்கொண்டது. ஃபெஸ்ட் நோல்டேவுக்கு ஆதரவாக எழுதினார். ரைஷ்-ரனிட்ஸ்கிக்கும் அவருக்கும் இருந்த நட்பு அதனால் முறிந்தது. ஒரே பத்திரிகையின் ஒரே பகுதியில் பக்கத்துப் பக்கத்து அறைகளில் இருந்த இருவர் அவர்கள்.

1994இல் வெளியீட்டாசிரியர் ஆன ஃபிராங்க் ஷிர்மாகர் வேறு வகையான துணிச்சல் காட்டினார். மனித மரபணுத் தொகுதியின் வரைவு தயாரானதாக 2000 ஜூன் 26 அன்று அறிவிக்கப்பட்டது. மறுநாள் பண்பாட்டுப் பகுதியைத் திறந்த வாசகர் முன் அ, க, ச, ட போல நான்கே எழுத்துகள் மாறி மாறிப் பக்கம் பக்கமாக ஓடின. அவை மரபணுத் தொடரைக் குறிக்கும் குறியீடுகள். எவராலும் படிக்க முடியாத பக்கங்கள்தாம்; ஆனால் இலக்கியமும் இசையும் பேசும் இடத்தில் இனி உயிரியலும் கணினியும் பேசப்படும் என்று சொல்ல அதைவிட நல்ல வழி இருந்ததாகத் தோன்றவில்லை. இதையா பழமைவாதம் என்பது?

எழுத்தின் வடிவமும் எழுத்திலக்கணமும்

ஆல்கெமைனேயின் தலைப்பையும் தலையங்கத் தலைப்புகளையும் பார்த்து வெளிநாட்டார் பலர் முகம் சுளித்திருக்கிறார்கள். அவை ‘ஃபிராக்டூர்’ என்ற உடைந்த கோடுகள் கொண்ட பழைய ஜெர்மானிய எழுத்துருவில் அச்சானவை. போர்ப் படங்களில் நாஜிச் சுவரொட்டிகளை அந்த எழுத்தில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது நாஜி எழுத்தாகத் தெரியும். உண்மை நேர்மாறானது. 1941 ஜனவரி 3 தேதியிட்ட ஒரு சுற்றறிக்கை வழியாக அந்த எழுத்துருவைக் கைவிடச் செய்தவர்களே நாஜிகள்தாம். அது யூதர்களிடமிருந்து வந்தது என்று ஆதாரமில்லாத காரணத்தையும் சொன்னார்கள். 1978க்கு முன் அச்சான தமிழ்ப் புத்தகத்தில் ‘லை’, ‘ணை’ எழுத்துகளின் பழைய கொம்பைப் பார்க்கும்போது நமக்கு என்ன தோன்றுமோ, கிட்டத்தட்ட அதுதான் ஜெர்மானிய வாசகருக்கு ஃபிராக்டூரில் தோன்றும். பழமையின் வாசனை அது, கட்சியின் அடையாளம் அல்ல.

முதல் பக்கத்தில் படம் போடுவதும் நீண்ட காலம் அபூர்வமாகவே நடந்தது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கு மறுநாள் போன்ற நாள்களில்தான் விதி தளர்ந்தது. 2007 அக்டோபர் 5 அன்று வடிவம் மாறியது: முதல் பக்கத்தில் தினமும் வண்ணப் படம் வந்தது, தலையங்கத் தலைப்புகளிலிருந்து ஃபிராக்டூர் போயிற்று, பத்திரிகையின் பெயரில் மட்டும் தங்கியது.

எழுத்திலக்கணச் சண்டை இன்னும் சுவையானது. ஜெர்மன் மொழியின் எழுத்துக்கூட்டலைச் சீர்திருத்தி அரசுகள் விதித்த புதிய விதிகள் 1998இல் நடைமுறைக்கு வந்தன. ஆல்கெமைனே 1999 ஆகஸ்டில் அவற்றை ஏற்றது. ஓராண்டு எழுதிப் பார்த்துவிட்டு, 2000 ஆகஸ்ட் 1 அன்று பழைய முறைக்கே திரும்பிவிட்டது. பள்ளிப் பிள்ளைகள் ஒரு விதமாக எழுத, நாட்டின் மிக மதிப்பு வாய்ந்த நாளிதழ் வேறு விதமாக எழுதியது. விதிகள் ஓரளவு திருத்தப்பட்டபின் 2007 ஜனவரி 1 முதல், தனக்கென்று சில விலக்குகளோடு, மீண்டும் புதிய முறைக்கு வந்தது. அரசுக்குப் பணியும் ஏடு என்று நினைப்பவர்களுக்கு இந்த ஆறரை ஆண்டுகளே போதுமான மறுப்பு. மேலிருந்து ஆணையிட்டு மாற்றப்படும் பழக்கத்தின் மீது சந்தேகம் கொள்வதுதான் இதன் பழமைவாதம். ஆணையிடுபவர் எந்தக் கட்சி என்பது இரண்டாம் பட்சம்.

பணம்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். சந்தாவும், சனிக்கிழமை இதழில் குவிந்த உயர்பதவி வேலைவாய்ப்பு விளம்பரங்களும் ஆல்கெமைனேயைச் செல்வச் செழிப்பில் வைத்திருந்தன. 2001க்குப் பின் பொருளாதார மந்தத்தில் அந்த விளம்பரங்கள் சரிந்து, பிறகு இணையத்துக்குப் போய்விட்டன. ஆள்குறைப்பு நடந்தது, 1999இல் ஆரவாரத்தோடு தொடங்கிய பெர்லின் பக்கங்கள் 2002இல் நின்றன. ஆனால் 2001 செப்டம்பரில் நாடு முழுவதற்குமான ஞாயிறு இதழ் தொடங்கி நிலைத்தது. 2013இல் நொடித்துப்போன ஃபிராங்க்ஃபுர்ட்டர் ருண்ட்ஷாவை, அந்த இடதுசாரி ஏட்டை, இதே குழுமம் எடுத்து நடத்தி 2018இல் கைமாற்றியது. இடப்பக்கச் சாய்வு அந்தக் காலத்திலும் ருண்ட்ஷாவில் தொடர்ந்தது.

கட்சியின் ஏடா, கட்சி சண்டையிடும் மைதானமா?

1999 டிசம்பரில் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி ஒரு நன்கொடை ஊழலில் சிக்கித் தவித்தது. முன்னாள் சான்சலர் ஹெல்முட் கோல், கணக்கில் வராத பணம் கொடுத்தவர்களின் பெயரைச் சொல்ல மறுத்தார். டிசம்பர் 22 அன்று கட்சியின் பொதுச்செயலாளர் ஆங்கெலா மெர்கெல், கோலால் கட்சிக்குச் சேதம் விளைந்துவிட்டது, பழைய போர்க்குதிரையின் துணையின்றிக் கட்சி இனி நடக்கப் பழக வேண்டும் என்று ஒரு கட்டுரை எழுதினார். வெளியிட்ட இடம் ஆல்கெமைனே. சில வாரங்களில் கோல் கௌரவத் தலைவர் பதவியைத் துறந்தார். 2000 ஏப்ரலில் மெர்கெல் கட்சித் தலைவரானார். கட்சி ஏடாக இருந்திருந்தால் கட்சியின் மூத்த தலைவரை வீழ்த்தும் கட்டுரைக்கு அதில் இடம் கிடைத்திருக்காது. பழமைவாதிகள் அனைவரும் காலையில் படிக்கும் ஏடு என்பதாலேயே அவர் அதைத் தேர்ந்தெடுத்தார். 2015இல் அகதிகளுக்கு எல்லையைத் திறந்துவைத்தபோது, இதே பத்திரிகையின் அரசியல் பக்கங்கள் அப்போது சான்சலராக இருந்த மெர்கெலைக் கடுமையாக விமர்சித்தன.

இந்த மைதானத்தின் எல்லைக்கோடு எங்கே என்பது இன்னும் தீராத கேள்வி. 2013இல் ‘ஜெர்மனிக்கான மாற்று’ என்ற கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான கோன்ராட் ஆடம், இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆல்கெமைனேயின் பண்பாட்டுப் பகுதியில் பணியாற்றியவர். கட்சி மேலும் வலப்பக்கம் போனபின் அவரே அதை விட்டு வெளியேறினார். 2018 அக்டோபர் 6 அன்று அந்தக் கட்சியின் தலைவர் அலெக்சாண்டர் கௌலண்டின் கட்டுரை ஒன்று ஆல்கெமைனேயில் வந்தது. ‘ஜெர்மனியின் பழமைவாத நாளிதழ் கூறியது’ என்று எவராவது அதைச் சுட்டியிருந்தால் அது பொய். பத்திரிகையின் கருத்தாக அல்லாமல், வெளியார் எழுதுவதற்கென்றே ஒதுக்கப்பட்ட பத்தியில் வந்த விருந்தினர் கட்டுரை அது. உலகமயமான மேட்டுக்குடியைச் சாடிய அதன் ஒரு பகுதி, ஹிட்லர் 1933இல் பெர்லின் தொழிலாளர் முன் ஆற்றிய உரையை ஒத்திருக்கிறது என்று சிலர் சுட்டிக்காட்டினார்கள். அந்த உரையே தமக்குத் தெரியாது என்று கௌலண்ட் மறுத்தார். இதை ஏன் வெளியிட்டார்கள் என்று பத்திரிகையும் கேள்விக்கு உள்ளானது. அந்த விருந்தினர் பத்தியின் பெயருக்கு ‘அயலார் இறகுகள்’ என்று பொருள். இறகுதான் பழைய காலத்துப் பேனா என்பதால் வைத்த பெயர் அது; ஆனால் இன்னொருவருடைய சொல்லைத் தன்னுடையதாகக் காட்டிக்கொள்பவரை, அயலார் இறகைச் சூடிக்கொண்டவர் என்றும் ஜெர்மானியர் சொல்வதுண்டு.